கேர்டேக்கராகவே நின்றுவிடும் ஆசிரியர்கள் என்.சி.சி. அதிகாரியாக ஏன் தயங்குகிறார்கள்?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) அதிகாரி ஓய்வு பெற்றதிலிருந்து, இரண்டு வருடமாகக் கேர்டேக்கர் என்ற தற்காலிகப் பொறுப்பில் நூறு பிள்ளைகளைக் கவனித்து வருகிறேன். பயிற்சிக்குப் போய் முறையாக ஏ.என்.ஓ. (இணை என்.சி.சி. அதிகாரி) ஆகிவிடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். இப்போது செய்கிற வேலையைத்தான் அப்போதும் செய்யப்போகிறேன். தோளில் ஒரு சின்னம் ஏறுவதைத் தவிர இதில் என்ன வேறுபாடு, அண்ணாச்சி? வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போய்வரும் அளவுக்கு இது தேவைதானா?

9 ஜூன் 2025

தேவைதான். நான் இந்த வேலைக்குள் வந்த கதையிலிருந்து தொடங்கினால் காரணம் விளங்கும்.

1997இல் தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தேன். அங்கே அதிகாரியாக இருந்தவர் ஓய்வு பெற்றதும், தலைமையாசிரியர் என்னை அழைத்து, ஒரு படிவத்தை மேசைமேல் நகர்த்தி, "யாராவது ஒருத்தர் செய்துதானே ஆகணும், நீர் கையெழுத்துப் போடும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். அடுத்த ஆண்டும் அதே படிவம் வந்தது. அதே சொற்களைச் சொன்னார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் மைதானத்தில் பரேடு நடக்கும்போது நான் வராந்தாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். ஒரு நாள் இரண்டாம் வரிசையில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் மயங்கி விழுந்தான். என்.சி.சி. பட்டாலியனிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த ராணுவ சுபேதார் அவனை வேப்பமர நிழலுக்குத் தூக்கி வந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய், அவன் பெல்ட்டைத் தளர்த்தியபடியே, "இவன் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலை வாங்கி வர இவன் அம்மா விடியற்காலையிலேயே மேலப்பாளையம் போய்விடுவாள், அவள் திரும்பி வந்த பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்" என்றேன். சுபேதார் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சார், ஆறு மாதமாக இவனுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறேன், இது எனக்குத் தெரியாது. நீங்கள் ஏன் அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். திங்கட்கிழமை நானே போய் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.

தலைமையாசிரியர் ஒரு காலியிடத்தை நிரப்புவதற்காகக் கேட்டார். சுபேதார் என்னிடம் இருந்த ஒன்றை எனக்கே சுட்டிக்காட்டிவிட்டுக் கேட்டார். நம் மாவட்டத்தில் ஆசிரியர்கள் அதிகாரியாக முன்வருவதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள், தாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

10 ஜூன் 2025

நேற்று என் கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கேர்டேக்கர் என்பது பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் கிடைக்கும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு. பயிற்சியும் இல்லை, படிநிலையும் இல்லை. முறையாகப் பயிற்சி முடித்தால் பள்ளிப் பிரிவில் தேர்டு ஆஃபீசராகத் தொடங்கி, செகண்ட் ஆஃபீசர், ஃபர்ஸ்ட் ஆஃபீசர், சீஃப் ஆஃபீசர் என்று உயரலாம். கல்லூரிப் பிரிவின் தரைப்படை அணியில் லெஃப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று அது போகும். ஆனால் இந்தப் பெயர்களுக்காகப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுப் பையன் குப்புறப் படுத்து, .22 ரைஃபிளைத் தோளில் அணைத்துப் பிடித்திருக்கிறான். சுடுவதை நடத்துகிறவர் படையிலிருந்து வந்த பயிற்றுநர்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குகிறதா, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் துப்பாக்கியோடு திரும்பிவிடுவானா என்பதெல்லாம் அவனைத் தினமும் வகுப்பில் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் எப்போது பேச வேண்டும், எப்போது வாய் திறக்கக்கூடாது, எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்குப் பயிற்சியால் வந்திருக்க வேண்டும். இரண்டு வருட அனுபவம் அதைத் தந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. முப்பத்தாறு வயதில், விடியற்காலை இருட்டில் வரிசையில் நின்று, பெல்ட்டின் பித்தளையில் பிராஸ்ஸோ பாலிஷ் சரியாகப் போடவில்லை என்று ஒரு ஹவில்தாரிடம் எல்லோர் முன்னாலும் கண்டிப்பு வாங்கினேன். அன்றைக்கு எனக்குக் காது சூடேறியது இன்றும் நினைவிருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எந்தப் பிள்ளையையும் வரிசைக்கு நடுவில் வைத்து நான் கண்டித்ததில்லை. தனியே அழைத்துத்தான் சொன்னேன்.

ஆகவே யாரும் கேர்டேக்கராகவே நின்றுவிடக்கூடாது. பயிற்சிக் கழகம் இருக்கும் காம்ப்டிக்குப் புறப்படுங்கள்.

14 ஜூன் 2025

வள்ளியூரிலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு திருத்தங்களை அனுப்பியிருக்கிறார். இரண்டும் சரியானவை.

முதலாவது, மகாராஷ்டிரத்தில் நாக்பூருக்குப் பக்கத்தில் உள்ள காம்ப்டி அதிகாரிகள் பயிற்சிக் கழகம் ஆண் ஆசிரியர்கள் போகும் இடம். பெண்களுக்கான பயிற்சி மத்தியப் பிரதேசத்தில் குவாலியரில் நடக்கிறது. எல்லோரையும் காம்ப்டிக்குப் போகச் சொன்னது, ஆண்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதியதன் விளைவு.

இரண்டாவது திருத்தம் இதைவிடக் கனமானது. அந்த ஆசிரியை நான்கு வருடமாகக் கேர்டேக்கராக இருக்கிறார். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், கணவர் வெளிநாட்டில். "போகக்கூடாது என்று எனக்கு ஆசையா, அண்ணாச்சி? நான் போனால் அத்தையை யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள்?" என்று கேட்கிறார். யாரும் கேர்டேக்கராக நின்றுவிடக்கூடாது என்று நான்கு நாளைக்கு முன் எழுதிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் பல பள்ளிகளில் சனிக்கிழமை மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒரு முறை, "இந்த வருடம் நிலைமை எப்படி, அம்மா?" என்று கேட்டால் போதும். நான்கு வருடத்தில் ஒருவர்கூட அவரை அப்படிக் கேட்கவில்லை என்கிறார். அவர் மறுத்துவிடுவார் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

பெண் அதிகாரிகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எங்கள் ட்ரூப்பில் (பள்ளியின் என்.சி.சி. அணியில்) மாணவிகள் சேர்ந்த பிறகு, பத்து நாள் வருடாந்திர முகாமுக்கு அவர்களோடு உடன் வர ஓர் ஆசிரியை தேவைப்பட்டார். ஒரு வருடம் யாரும் கிடைக்கவில்லை. பையன்கள் மட்டும் புறப்பட்டார்கள். பேருந்து கிளம்பும்போது பதினோரு மாணவிகள் சீருடையோடு வாசலில் நின்று வழியனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தி, முகாமுக்கென்று அவளுடைய அப்பா புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள்; கடைசி நிமிடத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறாள். இப்போது கடலோர மாவட்டங்களிலும் எல்லை மாவட்டங்களிலும் என்.சி.சி.யை விரிவாக்குவதாக 2020 சுதந்திர நாள் உரையில் அறிவிக்கப்பட்டதே, 173 மாவட்டங்களில் 1 லட்சம் பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு மாணவிகள் என்று, அந்த மூன்றில் ஒரு பங்கை முகாமுக்கு அழைத்துப் போகிறவர் யார் என்ற கேள்வி நம் கடலோர ஊர்களான உவரியிலும் கூடுதாழையிலும் எழத்தான் செய்யும். அதற்குப் பதில் ஆசிரியைகளிடம்தான் இருக்கிறது.

15 ஜூலை 2025

1948இல் என்.சி.சி. தொடங்கப்பட்டது இதே நாளில்தான். அதை ஒட்டி ஒரு நண்பர், ஆசிரியர்கள் வராவிட்டால் வெளியாட்களை ஏன் அதிகாரியாக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், பல்கலைக்கழகம் அல்லது பள்ளியின் பணியாளர்களிலிருந்தோ வேறு வகையிலோ அதிகாரிகளை நியமிக்கலாம் என்று இருக்கிறது. 'வேறு வகையிலோ' என்ற அந்தச் சொல் வழியாகத்தான் முழுநேரப் பெண் அதிகாரிகள் போன்ற ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். 2024இல் கேடட் இடங்களை மேலும் 3 லட்சம் உயர்த்த ஒப்புதல் தந்தபோது, முன்னாள் படைவீரர்களைப் பயிற்றுநர்களாகச் சேர்க்கும் ஏற்பாட்டையும் அதோடு அறிவித்தார்கள். என் தெருவிலேயே மூன்று முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் டிரில்லும் ஆயுதப் பயிற்சியும் மிகச் சிறப்பாக நடக்கும். அவர்களை மனமார வரவேற்கிறேன். ஆனால் மயங்கி விழுந்த பையனின் வீட்டில் அடுப்பு எப்போது எரியும் என்பதை அறிந்தவர் அதே பள்ளியில் இருக்க வேண்டும். பயிற்றுநர் கூடுகிறார் என்பதற்காக ஆசிரியர் விலகிக்கொண்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

கட்டாயமாக்கிவிடலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968இல் மறுபடியும் விருப்பத்தின் பேரில் சேர்வதாக மாற்றப்பட்டது. அந்த ஆண்டுகளில் மாணவராக இருந்த என் மூத்த சக ஆசிரியர், வருகைப் பதிவுக்காக மட்டும் வந்து நின்றவர்களைப் பற்றி வேதனையோடு சொல்வார். மாணவர்களிடமே பலிக்காதது ஆசிரியர்களிடம் பலிக்காது.

3 ஆகஸ்ட் 2025

தென்காசியிலிருந்து ஓர் ஆசிரியர் கோபமாக எழுதியிருக்கிறார். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவேற்றம், தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தம், பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு என்று ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லாதவனிடம் போய் உன்னிடம் ஒரு திறமை இருக்கிறது என்று இனிமையாகப் பேசினால், அதுவும் ஒரு வகையில் தலையில் கட்டுவதுதான் என்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. நான் சேர்ந்த காலத்தில் எமிஸ் கிடையாது. கேட்கும் முறையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த நான், கேட்கிறவர் கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்பதை எழுதவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் வாரங்களில் அவருடைய பாடத்தை யார் எடுப்பார் என்பது கேட்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பரேடு முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இட்லி, வடைக்கான பணம் வந்து சேரத் தாமதமாகும்போது அதைப் பள்ளி முன்பணமாகத் தர வேண்டும். ஆசிரியர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. நான் எட்டு மாதம் காத்திருந்திருக்கிறேன். மதிப்பூதியம் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் இதற்கு வருவதில்லை. சனிக்கிழமை முழுவதும் மைதானத்தில் நின்றவருக்கு மற்றொரு நாள் சிறப்பு வகுப்பிலிருந்து விலக்கு கொடுப்பதற்குத் தலைமையாசிரியரின் மனம் ஒன்றுதான் வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லாமல், "சின்ன வேலைதான், நீர் பார்த்துக்கிடும்" என்று சொல்லி ஒருவரைச் சேர்த்தால், அவர் முதல் முகாமோடு விலகிவிடுவார். பிள்ளைகளின் சான்றிதழ் தேர்வுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், அதற்கு நீங்கள் வராத நாளே இருக்கக்கூடாது, வருடத்தில் பத்து நாள் முகாமில் தரையில்தான் படுக்கை, என்று கடினமானதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகும் சரி என்கிறவர் நிலைத்து நிற்பார்.

17 ஆகஸ்ட் 2025

சுதந்திர நாளுக்கு முந்தைய வாரம், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் வந்து விறைப்பாக நின்று வணக்கம் சொன்னார். என்னிடம் எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர். கல்லூரியில் என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' வரை முடித்து, என்.சி.சி.யினருக்கான சிறப்பு நுழைவு வழியாகப் படை அதிகாரித் தேர்வுக்குப் போய், நேர்காணல் வாரியத்தில் இரண்டு முறை தேர்வாகாமல் திரும்பி, இப்போது பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். "என்.சி.சி.யோடு எனக்கு இருந்த தொடர்பு முடிந்துபோனது, சார்" என்றார்.

அவருடைய பள்ளியில் ட்ரூப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதிகாரிக்கு ஐம்பத்தேழு வயதாம். இவர் 'சி' சான்றிதழ் வைத்திருக்கிறார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

புதிதாக ஆசிரியர் ஒருவர் வேலையில் சேரும்போது பட்டச் சான்றிதழைச் சரிபார்க்கிறோம். நீங்கள் என்.சி.சி.யில் இருந்தீர்களா என்ற ஒரு கேள்வியையும் அன்றே கேட்டுவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கான ஆள் அங்கேயே தெரிந்துவிடுவார்.

21 செப்டம்பர் 2025

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். மற்றவர்கள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஜூன் முதல் எழுதி வருகிறேன். நானும் கேட்கவில்லை.

2022இல் ஓய்வு பெற்றேன். இருபத்து நான்கு வருடம் அந்த ட்ரூப்பை நடத்தியவன், எனக்குப் பின் யார் என்பதைக் கடைசி மூன்று மாதத்தில்தான் நினைத்தேன். இளம் ஆசிரியர்கள் நான்கு பேர் இருந்தார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தானாகவே வந்து, பிள்ளைகளின் தொப்பியில் ஹேக்கிள் (இறகுக் குஞ்சம்) சரியாக நிற்கிறதா என்று பார்த்துச் செருகிவிடுவார். அவருக்கு ஆர்வம் இருந்தால் அவரே வந்து கேட்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நானே இருக்கும்போது தான் எப்படிப் போய்க் கேட்பது என்று அவர் நினைத்திருக்கிறார். நான் போன மறு வருடம் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். ட்ரூப் ஒன்றரை வருடம் பெயரளவில்தான் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு கரை மீறியது அனைவருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பின் பள்ளியைப் பார்க்கப் போனேன். தரைத்தளத்தில் இருந்த எங்கள் ஸ்டோர் அறை பூட்டியே கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தபோது, சேற்றில் ஊறிய சீருடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கையோடு கிழிந்து வந்தன. பெல்ட்டுகளின் பித்தளை முழுவதும் பச்சை பூத்திருந்தது. அதிகாரி என்று ஒருவர் இருந்திருந்தால், 17ஆம் தேதி மாலை மழையைப் பார்த்ததுமே நான்கு பையன்களை அழைத்து எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருப்பார். அந்தச் சமூக அறிவியல் ஆசிரியரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இப்போது அந்தப் பள்ளியில் புதிய கேர்டேக்கர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் போய்ப் பார்த்தேன்.

5 அக்டோபர் 2025

பயிற்சிக்குப் போக இந்தி தெரியாதே என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியாது. நம் பிள்ளைகள் 'ஸாவ்தான்', 'விஷ்ராம்' என்ற கட்டளைகளுக்குப் பொருள் கேட்காமலேயே இரண்டு வாரத்தில் உடலால் கற்றுக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே கற்றுக்கொள்கிறோம். பல மாநிலத்து ஆசிரியர்கள் வருவதால் ஆங்கிலமும் ஓடும். முதல் வாரம் தனிமையாக இருக்கும் என்பதை மறைக்கமாட்டேன். என் அறையில் ஒரு மலையாளி, ஓர் ஒடியாக்காரர், ஒரு மணிப்பூர்க்காரர் இருந்தார்கள். நால்வருக்கும் பொதுவாக இருந்தது ஷூ பாலிஷ் டப்பா ஒன்றுதான். அதைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசப் பழகினோம். ஒடியாக்காரர் இன்றைக்கும் பொங்கலுக்கு அழைத்துப் பேசுகிறார்.

23 நவம்பர் 2025

இன்று நவம்பர் நான்காம் ஞாயிறு, என்.சி.சி. நாள். அம்பாசமுத்திரம் ஆசிரியர் காலையில் எழுதியிருக்கிறார்: விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாராம். வள்ளியூர் ஆசிரியையிடம் அவருடைய தலைமையாசிரியை போய், அடுத்த ஜூனில் மறுபடியும் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அதையும் எனக்குத் தெரிவித்திருக்கிறார்.

அம்பை சார், அழைப்பு வந்ததும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். திருநெல்வேலியில் ஏறினால் நாக்பூரில் இறங்கலாம். புது ஷூவை இப்போதே வாங்கி, ஒரு மாதம் வீட்டைச் சுற்றி நடந்து காலுக்குப் பழக்கிவிடுங்கள். அங்கே போய்ப் பழக்கினால் குதிகால் பொத்துவிடும். ஸ்டோர் சாவி இரண்டு இருக்கட்டும், இரண்டாவது யாரிடம் என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள். உங்கள் முதல் கடிதத்துக்குப் பிறகு ஒரு முறை, பரேடு நேரத்தில் இளம் தமிழாசிரியர் ஒருவர் மதில் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை அவரை உள்ளே அழைத்து, வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்து நூறு பெயரையும் படிக்கச் சொல்லுங்கள்.